திருமால்பூர் ரயில் எங்கே போகிறது? காஞ்சிபுரத்தின் 160 ஆண்டு தண்டவாளக் கதை

தாம்பரம் ரயில் நிலையத்தில் மின்சார ரயிலுக்காகக் காத்திருப்பவர்கள் இந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். அறிவிப்புப் பலகையில் செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரி, மறுபடியும் செங்கல்பட்டு என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, நடுவில் என்றைக்காவது ஒருமுறை 'திருமால்பூர்' என்று வரும். 'இது எந்தப் பக்கம் இருக்கு?' என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால், பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரிந்தவர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள்: 'காஞ்சிபுரம் தாண்டி.'

காஞ்சிபுரத்துக்குச் சென்னையிலிருந்து மின்சார ரயில் உண்டு என்பதே பலருக்குப் புதிய செய்தி. கோயிலுக்கும் பட்டுப்புடவைக்கும் கிளம்புகிற குடும்பங்கள் காரையோ பஸ்ஸையோதான் நினைக்கின்றன. ஆனால், காஞ்சிபுரம் நேற்று ரயிலைப் பார்த்த ஊர் அல்ல. 1865-லேயே அங்கே ரயில் வந்துவிட்டது.

160 ஆண்டுகளுக்கு முன்பே ரயில் வந்த ஊருக்கு, தலைநகரிலிருந்து ரயிலில் போவது ஏன் இன்னும் சுற்றுவழியாகவே இருக்கிறது? அந்தப் பாதையின் கதையிலேயே இதற்குப் பதிலும் இருக்கிறது.

ஏனாத்தூர்க்காரர்களின் கணக்கு

காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஏனாத்தூர். 1993-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா இருப்பது இங்கேதான். வயலும் ஏரியுமாக இருக்கும் இந்தப் பக்கத்துக்குச் சென்னை, தாம்பரம், செங்கல்பட்டு பகுதிகளிலிருந்தெல்லாம் மாணவர்கள் வருகிறார்கள். அதேபோல இங்கிருந்து வேலைக்காக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், தாம்பரம் என்று கிளம்புகிறவர்களும் நிறைய.

ஏனாத்தூருக்கென்று தனி ரயில் நிலையம் கிடையாது. காஞ்சிபுரத்துக்கோ வாலாஜாபாத்துக்கோ போய்த்தான் ரயில் ஏற வேண்டும். இன்னும் தெற்கே இருக்கும் உத்திரமேரூருக்கும் இதே நிலைதான். குடவோலைக் கல்வெட்டால் உலகம் அறிந்த ஊர். ஆனால், தண்டவாளம் அந்த ஊரைத் தொடவில்லை.

ரயிலா, பஸ்ஸா என்ற கணக்கு இங்கே தினமும் நடக்கிறது. ரயிலில் போனால் காசு மிச்சம். சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் மாதக் கடைசியில் பஸ் செலவோடு ஒப்பிடவே முடியாது. ஆனால், நேரம்? ஒரு வண்டியை விட்டால் அடுத்த வண்டி எப்போது என்பதுதான் கேள்வி. அதனால் கையில் கொஞ்சம் காசு இருப்பவர்கள் பஸ்ஸுக்குப் போய்விடுகிறார்கள். காசைப் பார்க்க வேண்டியவர்கள் பிளாட்பாரத்தில் காத்திருக்கிறார்கள்.

மூன்று அளவைப் பார்த்த நிலையம்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை அரக்கோணம் வழியாகப் போனது. காஞ்சிபுரம் அந்தத் தடத்தில் இல்லை. பெரிய பாதை, ஊருக்கு வடக்கே 30 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தது 'இந்தியன் டிராம்வே கம்பெனி'. பெயரில் டிராம் இருந்தாலும் இவர்கள் போட நினைத்தது குறைந்த செலவில், லேசான தண்டவாளத்தில் ஓடும் சின்ன ரயில். 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை 19 மைல், அதாவது சுமார் 30 கிலோமீட்டர் தூரத்துக்குப் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே 3 அடி 6 அங்குலம்தான் இடைவெளி. சென்னை - அரக்கோணம் பாதையிலோ அது 5 அடி 6 அங்குலம்.

இந்தச் சின்னப் பாதையின் பின்னால் இருந்த பொறியாளர் பெயர் சர் சார்லஸ் ஃபாக்ஸ். 1851-ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, இரும்பாலும் கண்ணாடியாலும் 'கிரிஸ்டல் பேலஸ்' என்ற பிரமாண்ட மாளிகையைக் கட்டிக்கொடுத்த அதே ஃபாக்ஸ்தான். பின்னாளில் அவருடைய நிறுவனம் குறுகிய ரயில் பாதைகளில் கவனம் செலுத்தியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் முதல் ரயில் ஓடியதும் இதே 1865-ல், இதே 3 அடி 6 அங்குலப் பாதையில்தான். ஜப்பான் 1872-ல் தன் முதல் ரயிலை ஓட்டியபோது தேர்ந்தெடுத்ததும் இதே அளவுதான். அங்கெல்லாம் அந்த அளவு இன்றைக்கும் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் 13 ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

காரணம், மேலிடத்து முடிவு. 1870-ல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு, இரண்டாம் நிலைப் பாதைகளெல்லாம் இனி 1 மீட்டர் அகலத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. 1874-ல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கைக்குக் காஞ்சிபுரம் பாதை போனது. 1878-ல் அது மீட்டர் கேஜாக மாறியது. பழைய அளவு 1,067 மில்லிமீட்டர், புதிய அளவு 1,000 மில்லிமீட்டர். வித்தியாசம் 67 மில்லிமீட்டர். நான்கு விரல்களைச் சேர்த்துவைத்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்காக மொத்தப் பாதையையும் மாற்ற வேண்டியிருந்தது.

பிறகு பாதை தெற்கே செங்கல்பட்டு வரை நீண்டது. அதுவரை ஒரு பக்கம் மட்டுமே திறந்திருந்த காஞ்சிபுரத்துக்கு இன்னொரு வாசலும் கிடைத்தது. வடக்கே அரக்கோணம், தெற்கே செங்கல்பட்டு. 1951-ல் தெற்கு ரயில்வே உருவானபோது இந்தப் பாதையும் அதில் சேர்ந்தது. பல பத்தாண்டுகள் கழித்து மீட்டர் கேஜும் போய், 1,676 மில்லிமீட்டர் பிராட் கேஜ் வந்தது. ஆக, காஞ்சிபுரம் நிலையம் மூன்று அகலத் தண்டவாளங்களைப் பார்த்துவிட்டது. தமிழ்நாட்டில் இப்படி ஓர் அனுபவம் உள்ள நிலையங்கள் மிகவும் அபூர்வம்.

அகலம் மாறியதில் சாதாரண மக்களுக்கு என்ன? ஒரே வண்டியில் சென்னை வரை போக முடியுமா என்பதே அதைப் பொறுத்துத்தான் இருந்தது. அரக்கோணத்தில் பெரிய பாதை, காஞ்சியில் சின்னப் பாதை என்று இருந்தவரை, அங்கே இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். சரக்கு மூட்டைகளையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். அரக்கோணத்தில் இரண்டு பாதையும் ஒரே அளவுக்கு வந்து சேர, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆனது.

முக்கோணத்தின் இரண்டு பக்கம்

இப்போது வரைபடத்தை மனதில் கொண்டுவாருங்கள். சென்னைக்கும் காஞ்சிக்கும் இடையே சாலையில் சுமார் 75 கிலோமீட்டர். ரயிலுக்கு அப்படி நேர்வழி இல்லை. செங்கல்பட்டு வழியாக வந்தால் கடற்கரை நிலையத்திலிருந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டர். அரக்கோணம் வழியாக வந்தால் சென்ட்ரலிலிருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். முக்கோணத்தில் ஒரு பக்கத்தில் நடந்து போக வேண்டியதற்கு, மற்ற இரண்டு பக்கங்களையும் சுற்றி வருவதுபோல.

பாதை போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. 1865-ல் காஞ்சிக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பாதை அரக்கோணத்தில்தான் இருந்தது. அதில் கொண்டுபோய் இணைத்தார்கள். பிறகு தெற்குப் பாதை வந்தபோது செங்கல்பட்டில் இணைத்தார்கள். காஞ்சிபுரம் எப்போதுமே இரண்டு பெரிய பாதைகளை இணைக்கும் கிளைப்பாதையின் நடுவில் இருந்த ஊர். சென்னையும் காஞ்சியும் நேராகக் கைகோக்க வேண்டும் என்று யாரும் தண்டவாளம் போடவில்லை. அந்த இடத்தைச் சாலை பிடித்துக்கொண்டது.

செங்கல்பட்டிலிருந்து ஒரு பயணம்

சுற்றுவழிதான் என்றாலும் அழகான வழி. செங்கல்பட்டு நிலையத்தை ஒட்டியே பரந்து கிடக்கும் கொளவாய் ஏரியைப் பார்த்துவிட்டு, ரயில் மேற்கே திரும்புகிறது. நகரத்து இரைச்சல் அதோடு முடிந்தது. ரெட்டிப்பாளையம், வில்லியம்பாக்கம், பாலூர் என்று சின்னச் சின்ன நிலையங்கள். ஒரு பக்கம் குன்றுகள், இன்னொரு பக்கம் வயல்களுக்கு அப்பால் பாலாறு. வருடத்தின் பெரும்பகுதி மணல்தான். நல்ல மழை பெய்த வருடத்தில் மட்டும் ஆறு ஆறாகத் தெரியும்.

பழையசீவரம்: பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். குன்றின் மீது லட்சுமி நரசிம்மர் கோயில். பொங்கலை ஒட்டி நடக்கும் பார்வேட்டை உற்சவத்துக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் இங்கேதான் எழுந்தருள்கிறார். ஆற்றின் எதிர்க்கரையில் திருமுக்கூடல். அங்குள்ள கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து மருத்துவமனையைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது.

வாலாஜாபாத்: ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். ஒருகாலத்தில் ஆங்கிலேயப் படைகள் தங்கியிருந்த இடம். இப்போது இந்த நிலையத்துக்கு வேறு முகம். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் தயாராகும் புதுக் கார்கள் சரக்கு ரயிலேறி வெளிமாநிலங்களுக்குப் போவது இங்கிருந்துதான். வரிசையாக நிற்கும் பளபள கார்களைப் பார்த்தபடி, பயணிகள் ரயில் மெதுவாகக் கடந்து போகும்.

காஞ்சிபுரம்: நத்தப்பேட்டையைத் தாண்டினால் காஞ்சிபுரம் கிழக்கு, அடுத்து காஞ்சிபுரம். ஊருக்கு இரண்டு நிலையங்கள். புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி குழம்புவது இங்கேதான். பழைய நிலையத்தின் ரயில்வே குறியீடு 'சி.ஜே.' ஆங்கிலேயர்கள் இந்த ஊரைக் 'காஞ்சீவரம்' என்று அழைத்ததன் மிச்சம். ஊர்ப்பெயர் பலகைகளில் அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது. டிக்கெட்டில் மட்டும் சுருக்கெழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திருமால்பூர்: தாம்பரம் பலகையில் பார்த்த அதே ஊர். பாடல்பெற்ற சிவத்தலங்களில் ஒன்று, பழைய பெயர் திருமாற்பேறு. சக்கராயுதம் வேண்டி திருமால் தினமும் ஆயிரம் தாமரைகளால் சிவனை அர்ச்சித்தாராம். ஒருநாள் ஒரு பூ குறைய, தன் கண்ணையே எடுத்து வைத்தாராம். ஊருக்குப் பெயர் வந்த கதையாகத் தலபுராணம் இதைச் சொல்கிறது.

தக்கோலம்: பொ.ஆ. 949-ல் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் பெரும்போர் நடந்த ஊர். முதலாம் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே இந்தப் போரில் உயிரிழந்தான். உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகளும் அதே பராந்தகன் காலத்தவைதான். தகப்பன் காலத்து ஊராட்சியின் பெருமை ரயில் இல்லாத உத்திரமேரூரில். மகன் விழுந்த களம் ரயில் நிற்கும் தக்கோலத்தில்.

அடுத்தது அரக்கோணம். பயணம் முடிகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், ராணிப்பேட்டை என்று மூன்று மாவட்டங்களைத் தொட்டுவிடுகிறது இந்தப் பாதை.

மின்கம்பி ஏன் பாதியில் நின்றது?

அரக்கோணம் வரை போகாமல் திருமால்பூரோடு மின்சார ரயில் ஏன் திரும்பியது? இதற்குக் காரணம் ஆகாயத்தில் இருக்கிறது.

அரக்கோணத்தில் இருக்கிறது இந்தியக் கடற்படையின் 'ஐ.என்.எஸ். ராஜாளி' விமானத் தளம். 1992-ல் செயல்பாட்டுக்கு வந்தது. தக்கோலத்திலிருந்து அரக்கோணம் போகும் பழைய பாதை இந்தத் தளத்தின் ஓடுபாதைக்கு அருகே சென்றது. டீசல் வண்டி போனால் பிரச்னை இல்லை. ஆனால், மின்சார ரயில் என்றால் உயரமான கம்பங்களும் மேலே மின்கம்பியும் வேண்டும். தாழப் பறந்து இறங்கும் விமானங்களுக்கு அது ஆபத்து. அதனால் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த மின்கம்பி அதற்கு முன்பே நின்றுவிட்டது.

சில கிலோமீட்டர்தான் பாக்கி. அந்தச் சில கிலோமீட்டருக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில், ஓடுபாதையை விட்டு விலகிப் போகும்படி பாதையையே மாற்றிப் போட்டு, மின்மயமாக்கினார்கள். 2019-ல் சென்னைப் புறநகர் ரயில் முதன்முறையாக ஒரு முழு வட்டம் அடித்தது. கடற்கரையில் கிளம்பி, தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் வழியாக மறுபடியும் கடற்கரைக்கே. 1865-ல் ஒரு சின்ன டிராம்வே கம்பெனி போட்ட 30 கிலோமீட்டரும் அந்த வட்டத்தில் ஒரு துண்டு.

அதே 2019-ல் காஞ்சிபுரம் இன்னொரு கூட்டத்தையும் பார்த்தது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள் அத்திவரதர் தரிசனம். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் வைபவம் என்பதால் ஊர் திணறியது. சாலைகள் நிரம்பி வழிந்தபோது சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. வாகனங்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு ஜனங்கள் நடந்த அந்த நாள்களில், ஊருக்குள் இருக்கும் ரயில் நிலையத்தின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

ஒற்றைத் தண்டவாளத்தின் விலை

இன்றைக்கு இந்தப் பாதையில் மூன்று வகையான வண்டிகள் ஓடுகின்றன. ஒன்று, சென்னைப் பக்கம் போகும் மின்சார ரயில்கள். அலுவலகம் போகிறவர்கள், மாணவர்கள், காய்கறி மூட்டை கொண்டுபோகிறவர்கள் நம்பியிருப்பது இவற்றைத்தான். இரண்டு, தொலைதூர வண்டிகள். திருப்பதி - புதுச்சேரி ரயில் காஞ்சிபுரம் வழியாகப் போகிறது. தென்மாவட்டங்களிலிருந்து வடக்கே போகும் சில ரயில்களும் சென்னை நெரிசலுக்குள் நுழையாமல் இந்தக் குறுக்குவழியைப் பயன்படுத்துகின்றன. மூன்று, சரக்கு ரயில்கள்.

மூன்றுக்கும் சேர்த்து இருப்பது ஒற்றைப் பாதை. எதிரே ஒரு வண்டி வருகிறது என்றால், ஏதாவது ஒரு நிலையத்தில் 'கிராசிங்'குக்காக நின்றுதான் ஆக வேண்டும். பாலூரிலோ வாலாஜாபாத்திலோ காரணம் தெரியாமல் ரயில் நிற்கும்போது, பழகிய பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எதிர் வண்டி கடந்ததும் கிளம்பும் என்று தெரியும். புதிதாக வருகிறவர்கள்தான் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாததற்கும் இதுதான் முக்கியக் காரணம். கோரிக்கை வைக்கிறவர்கள் கேட்பது சொகுசு ரயில் அல்ல. காலையில் வேலைக்கும் கல்லூரிக்கும் சரியான நேரத்தில் கொண்டு சேர்க்கும் வண்டி. மாலையில் ஒன்றை விட்டாலும் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியம். அதற்கு இரண்டாவது தண்டவாளம் வேண்டும். இரட்டைப் பாதை என்பது இந்தப் பக்கத்து மக்களின் நெடுநாள் எதிர்பார்ப்பு.

இது வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயமும் அல்ல. தறி வேலையை விட்டுவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போகிற வீடுகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. சம்பளத்தில் எவ்வளவு பயணத்துக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் அந்த வேலைக்குப் போகலாமா, அந்தக் கல்லூரியில் சேரலாமா என்று அவர்கள் முடிவெடுக்கிறார்கள். நேரத்துக்கு வரும் ஒரு மலிவான ரயில் அந்தக் கணக்கையே மாற்றிவிடும்.

ராத்திரி கடைசி வண்டி வந்து நிற்கும்போது, காஞ்சிபுரம் நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோக்கள் தயாராக நிற்கும். இறங்கியவர்கள் ஆளுக்கொரு திசையில் பிரிகிறார்கள். கிராமத்துப் பக்கம் போக வேண்டியவர்கள், கடைசி பஸ் இருக்கிறதா என்று கேட்டபடியே வேகமாக நடக்கிறார்கள். ரயில் பத்து நிமிடம் தாமதமானால், அந்தக் கடைசி பஸ் போயிருக்கும்.

காஞ்சிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு...

* சென்னை கடற்கரை, எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் நிலையங்களில் ஏறலாம். பலகையில் 'காஞ்சிபுரம்' என்று மட்டும் தேடாதீர்கள். திருமால்பூர், அரக்கோணம் வண்டிகளும் காஞ்சி வழியாகப் போகின்றன. ஆனால், அரக்கோணத்துக்கு சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வழியாகப் போகும் ரயில்கள் காஞ்சியைத் தொடாது.

* நேரடி வண்டி கிடைக்காவிட்டால் செங்கல்பட்டு வரை போய் மாறலாம். அங்கிருந்து காஞ்சிக்கு பஸ்ஸும் உண்டு.

* வண்டிகள் குறைவு. கிளம்பும் முன்பு நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. முக்கியமாக, திரும்பி வரும் வண்டியின் நேரத்தை.

* இறங்க வேண்டியது 'காஞ்சிபுரம்' நிலையமா, 'காஞ்சிபுரம் கிழக்கு' நிலையமா என்பதை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

* செங்கல்பட்டு தாண்டியதும் போகிற திசைக்கு இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பாலாறு அந்தப் பக்கம்தான்.